‘என் குணமே இப்படித்தான்’ என்று 11 வருஷம்

“கடைசியா எப்போ நல்லா இருந்தீங்க?” என்று அந்த மனநல மருத்துவர் கேட்டார். சாதாரணக் கேள்விதான். போன வாரம், போன மாசம் என்று ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. மனசு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. இந்த வேலைக்கு முன்னால், அதற்கு முந்தைய வேலைக்கும் முன்னால், பழைய வீட்டுக்கும் முன்னால். கடைசியில், படிப்பு முடிந்து முதல் சம்பளம் வாங்கிய வருஷத்தில் போய் நின்றது. அப்போது எனக்கு 23 வயது. அவர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது 34. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊரார் வரவு செலவையெல்லாம் தினமும் கூட்டிக் கழிக்கிறவன், இந்த ஒரு கழித்தலை மட்டும் அதுவரை போட்டுப் பார்த்ததே இல்லை.

மனச்சோர்வு என்றால் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பது, அழுதுகொண்டே இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். நான் அழுததே கிடையாது. தினமும் வேலைக்குப் போனேன், வரி கட்டினேன், யார் பிறந்தநாளையும் மறந்ததில்லை. யாராவது ஜோக் சொன்னால் சரியான இடத்தில் சிரித்தேன். ஆனால் என் வீட்டுச் சுவர்க் கடிகாரம் 4.20-இல் நின்று போய் இரண்டு வருஷம் ஆகியும் அப்படியே கிடந்தது. ஒரே ஒரு பேட்டரி போட்டால் தீர்ந்தது. நாற்காலி போடக்கூட வேண்டாம், கை எட்டும். கடைக்குப் போகும்போதெல்லாம் ஞாபகம் வரும், வாங்காமல் வருவேன். என்னை நானே சோம்பேறி என்று திட்டிக்கொள்வேன். இப்போது யோசித்தால் அது சோம்பல் இல்லை என்று தெரிகிறது. சோம்பேறிக்கு வேலையைத் தள்ளிப்போட்டதில் ஒரு சுகமாவது இருக்கும். நான் அந்தக் கடிகாரத்தை ஒருநாள் விடாமல் பார்த்தேன், ஒருநாள் விடாமல் குற்ற உணர்ச்சிப்பட்டேன். சுகம் என்று எதுவும் இருந்ததில்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. டிஸ்தைமியா. எது எது மனநோய், எப்படிக் கண்டுபிடிப்பது என்று வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டில் 1980-இல் இந்தப் பெயர் ஏறியது. அதுவரை மருத்துவர்களிலேயே பலர் இதை நோயாகப் பார்க்கவில்லை, ஆளுமைக் கோளாறு என்றே ஒதுக்கினார்களாம். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பெயர் மாறி, நீடித்த மனச்சோர்வுக் கோளாறு என்ற பொருளில் ‘பெர்சிஸ்டன்ட் டிப்ரெசிவ் டிஸார்டர்’ ஆனது. பெரியவர்களுக்குக் குறைந்தது 2 வருஷம், பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருக்க வேண்டும். அதோடு பசிக் கோளாறு, தூக்கக் கோளாறு, அசதி, தன்னைப் பற்றிய மட்டமான எண்ணம், கவனம் நிற்காமல் அல்லது முடிவெடுக்க முடியாமல் தவிப்பது, நம்பிக்கையின்மை என்ற ஆறில் குறைந்தது இரண்டு கூடவே இருக்க வேண்டும். நடுவில் தொடர்ச்சியாக 2 மாதத்துக்கு மேல் நன்றாக இருந்த காலம் இருக்கக் கூடாது. மருத்துவர் இந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு மாதமா? தொடர்ந்து இரண்டு வாரம் நன்றாக இருந்ததே எனக்கு நினைவில்லை.

இதில் உள்ள பெரிய சூது இதுதான். திடீரென்று வரும் காய்ச்சல் என்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும். இது 23 வயதில் வந்து உட்கார்ந்துகொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நாளே கையில் இருக்காது. ‘அவன் சின்ன வயசுலேர்ந்தே அமைதி’ என்று வீட்டில் சொல்வார்கள், நாமும் ஒப்புக்கொண்டுவிடுவோம். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், ‘நான் வேலை வெட்டியெல்லாம் பார்க்கிறேனா?’ என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். நானும் பார்த்தேன். எதற்காவது ஆசைப்பட்டுக் காத்திருந்தது கடைசியாக எப்போது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பயணமோ, ஒரு கிரிக்கெட் மேட்சோ, யாராவது வீட்டுக்கு வருவதோ, எதுவாகவும் இருக்கலாம்.

பெயர் தெரியாததால் நான் அழித்த பணத்தையும் சொல்லிவிடுகிறேன். உற்சாகம் இல்லாததற்கு உடம்புதான் காரணம் என்று ஜிம்மில் வருஷச் சந்தா கட்டினேன், 9 நாள் போனேன். திறமை போதவில்லையோ என்று இணையத்தில் இரண்டு படிப்புகளுக்குப் பணம் கட்டினேன், இரண்டிலும் மூன்றாவது பாடத்தைத் தாண்டவில்லை. ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யாமலே டப்பா டப்பாவாகச் சத்து மாத்திரை வாங்கினேன். வேலைதான் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி இரண்டு முறை மாறினேன், அதில் ஒருமுறை சம்பளம் குறைவாக. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம். ஒவ்வொரு முறையும் முதல் பத்து நாள் ஒரு வேகம் இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. தோற்றுப்போன ஒவ்வொன்றும் ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்பதற்கு இன்னொரு சாட்சியாகச் சேர்ந்துகொண்டது. பணம் போனதைவிட அதுதான் அதிகமாக வலித்தது. எழுத முடியாத கணக்கும் ஒன்று உண்டு. என்னோடு நான்கு வருஷம் இருந்தவள் போகும்போது, “நீ கெட்டவன் இல்ல. ஆனா உன்கூட இருந்தா எனக்கு மூச்சு முட்டுது” என்றாள். அதற்குக்கூட நான், சரி, நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மருத்துவரிடம் போனது இந்த நீண்ட சோர்வுக்காக இல்லை. 34 வயதில், ஒரு மாதக் கடைசியில், வங்கிக் கணக்கையும் எங்கள் ஏட்டையும் ஒத்துப்பார்க்கும் வேலை. தூக்கத்திலும் செய்துவிடுவேன். அன்று ஒரே பக்கத்தை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் தெரிகின்றன, ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது. நான் போனை எடுக்கவில்லை என்று அக்கா நேரில் வந்து நின்றாள். “என்னடா கோலம் இது?” என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீடித்த சோர்வின் மேல் கடுமையான மனச்சோர்வும் வந்து ஏறிக்கொள்வதற்கு ‘டபுள் டிப்ரெஷன்’ என்று பெயராம். பள்ளத்துக்குள் இருப்பவன் கிணற்றில் விழுவது மாதிரி. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கிணற்றிலிருந்து பள்ளத்துக்கு ஏறி வந்ததுமே, ‘குணமாகிவிட்டது, பழையபடி ஆகிவிட்டேன்’ என்று தோன்றும். பழையபடி என்பதே நோய்தான். நீங்கள் எப்போதாவது மருத்துவரிடம் போனால் கடந்த ஒரு மாதக் கதையோடு நிறுத்தாதீர்கள். எத்தனை வருஷமாக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நேரே மனநல மருத்துவரிடம் போனேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் ஒரு பொது மருத்துவர். அவரிடம் “அசதியா இருக்கு, தூக்கம் வரல” என்று மட்டும் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் தூக்க மாத்திரையும் வைட்டமினும் எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லி என்ன, உள்ளே இருப்பதைச் சொல்லாதவன் நான். இரண்டாவதாகப் போனது மேலே சொன்ன மருத்துவரிடம். அவர் மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை எழுதினார்: தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபின், பி12. தைராய்டு குறைவாகச் சுரந்தாலோ ரத்தசோகை இருந்தாலோ இதே அசதியும் மந்தமும் வரும், அதைத் தெரிந்துகொள்ளாமல் மனசுக்கு மருந்து கொடுப்பதில் அர்த்தமில்லை என்றார். கனமாகக் குறட்டை விடுவேனா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் கேட்டார். எனக்கு பி12 கொஞ்சம் குறைவு. அதைச் சரிசெய்தும் கடிகாரம் 4.20-இல்தான் நின்றது.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும் தாள், பிஎச்கியூ-9 என்பார்கள். ஒன்பது கேள்விகள், கடந்த 2 வாரத்தில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் தொந்தரவு செய்தது என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 27. எனக்கு வந்தது 9, லேசானது என்ற கட்டத்தின் விளிம்பு. உண்மையில் நான் அந்தத் தாளில் பொய் சொல்லியிருந்தேன். வேண்டுமென்று இல்லை. ‘அசதியா? அது எப்போதும் இருப்பதுதானே, அதைப் போய் நோய் என்று எழுதுவதா’ என்று 3 போட வேண்டிய இடத்தில் 1 போட்டேன். எனக்கு எது வழக்கமோ அதையெல்லாம் பூஜ்யமாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்பது. அதற்கும் 0 போட்டேன். சாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் ராத்திரி படுக்கும்போது, ‘காலையில் எழாவிட்டால் பரவாயில்லை’ என்று பல வருஷமாகத் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் அப்படி இல்லையாம். அடுத்த முறை அதைச் சொன்னேன். அவர் பதறவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார், திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டார். இல்லை என்றேன். எப்போதாவது அது மாறினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கோ உதவி எண்ணுக்கோ போய்விட வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லி, அக்காவிடமும் சொல்லவைத்தார். அன்றைக்கு மறுபடி நிரப்பிய தாளில் 14 வந்தது. ஒரே ஆள்தான், ஆறு நாள் இடைவெளிதான்.

மாத்திரைக்கு வருகிறேன், ஏனென்றால் நான் செய்த பெரிய முட்டாள்தனம் இங்கேதான். எழுதிக் கொடுக்குமுன் அவர், “தூக்கமே தேவைப்படாம, எக்கச்சக்கமா எனர்ஜியோட, பணத்தை வாரி இறைச்ச நாட்கள் இருந்திருக்கா? குடும்பத்துல யாருக்காவது?” என்று கேட்டார். சோர்வும் கட்டுக்கடங்காத உற்சாகமும் மாறி மாறி வரும் இரு துருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் தூக்கி அடித்துவிடக்கூடும். அதனால் இந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார். முதல் பத்து நாள் குமட்டல், வயிற்றுப்போக்கு, தாடை இறுகல். பலன் துளிகூட இல்லை. மருந்து பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், பக்கவிளைவு முதல் வாரமே வந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் ஐந்தாம் நாளே மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது: பேரம் நடக்கவில்லை. வழக்கமாகத் தட்டு கழுவ எனக்குள் ஒரு பேச்சுவார்த்தையே நடக்கும். இப்போதா, அப்புறமா, ஊறட்டும், காலையில் பார்க்கலாம், ஏன் இப்படி இருக்கிறாய், எல்லோரும் கழுவுகிறார்களே. அன்று கை தானாகப் போய்க் கழுவிவிட்டது. மருந்து வேலை செய்தால் சந்தோஷம் பொங்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. முதுகில் ஏறியிருந்த ஆள் கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. நன்றாகிவிட்டோமே, இனி எதற்கு என்று நானாகவே ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: இந்த வகை மாத்திரைகளால் பலருக்குப் பாலுறவில் நாட்டமும் உணர்வும் குறையும். எனக்கும் குறைந்தது. அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சம். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் சின்னதாக ஷாக் அடித்தது. கிறுகிறுப்பு, காரணமில்லாத எரிச்சல். அது இரண்டு வாரத்தில் போய்விட்டது. நல்லவேளை என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பழைய சோர்வு சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது, இந்த முறை அதன் பெயரும் எனக்குத் தெரிந்திருந்தது. மறுபடி தலைகுனிந்து போய், மறுபடி முதல் வாரக் குமட்டல், மறுபடி காத்திருப்பு. ஏழு மாதம் வீண். “பக்கவிளைவைச் சொல்லியிருந்தா அளவை மாத்தியிருப்பேனே, வேற மருந்துகூட இருக்கே” என்றார் மருத்துவர், கோபப்படாமல். நிறுத்துவதென்றால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், என்னைப் போல வருஷக்கணக்கில் இருந்தவர்களுக்கு அதைவிட நீளமாகவே சொல்வார்கள்.

மாத்திரை மட்டும் போதாதா என்று கேட்டேன். நீடித்த மனச்சோர்வு உள்ள 681 பேரை வைத்து நடத்தி, 2000-இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொன்னார். மருந்து மட்டும் எடுத்தவர்களிலும், பேச்சு சிகிச்சை மட்டும் எடுத்தவர்களிலும் 48 சதவீதம் பேருக்குத்தான் பலன். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 73 சதவீதம். கணக்குக்காரனிடம் எண்ணைச் சொன்னால் போதுமே. (அந்த ஆய்வில் பயன்படுத்திய மருந்து கல்லீரலைப் பாதிக்கிறது என்று பின்னால் பல நாடுகளில் விலக்கப்பட்டது, அது வேறு கதை.)

பேச்சு சிகிச்சைக்கு முதலில் அமைந்த சிகிச்சையாளர் எனக்குச் சரிப்படவில்லை. ஆறு முறை போனேன். நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார், நேரம் முடிந்துவிடும். சொல்ல வாயில்லாமல் பணம் கட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது முறையிலேயே, ‘இதுல அடுத்து என்ன செய்யப்போறோம்?’ என்று கேட்டிருக்க வேண்டும். நல்ல சிகிச்சையாளர் அதற்குக் கோபப்பட மாட்டார். இரண்டாமவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு தாளில் மணிவாரியாகக் கட்டம் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தேன், மனம் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் வளர்த்தெடுத்த முறையாம், செயலைத் தூண்டுவதன் வழியே மனத்தைத் தூக்குவது. எனக்கு இது ஏட்டுக்கணக்கு என்பதால் பிடித்துப்போனது.

முதல் வாரத் தாளே என் முகத்தில் அறைந்தது. விடுமுறை நாளில் மத்தியானம் வரை படுத்துக் கிடப்பதை நான் ஓய்வு என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்துக்கு நானே போட்ட மதிப்பெண் 2. வேலை நாளில் பக்கத்து மேசைக்காரரோடு நின்றுகொண்டே பேசிய பத்து நிமிடத்துக்கு 5. இரண்டாவது வாரம் இன்னொரு வரிசை சேர்த்தார்: செய்யும் முன், இது எத்தனை வரும் என்று ஊகித்து எழுத வேண்டும். நடக்கப் போவதற்கு 2 என்று எழுதுவேன், வந்தபின் 4 போடுவேன். நண்பனுக்குப் போன் செய்ய 1, செய்தபின் 5. ஊகம் எப்போதும் குறைவாகவே வந்தது. மனசு வந்தால் செய்வேன் என்று 11 வருஷம் காத்திருந்தவன் நான். செய்தபின்தான் மனசு வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் அறிவுரை என்று தள்ளியிருப்பேன், என் கையெழுத்திலேயே மூன்று வாரக் கணக்கு இருந்ததால் தள்ள முடியவில்லை. ஒரு எச்சரிக்கை: சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் வேலை நடப்பதுகூட இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே தெருவரை போய்த் திரும்புவது. கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டது மூன்றாவது வாரம். ஊகம் 3, வந்தது 3. ஒன்றும் பெரிதாக நிகழவில்லை, டிக் டிக் சத்தத்தில் அன்று ராத்திரி தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

யாரும் எனக்குச் சொல்லாத இன்னொன்று, தெளிந்தபின் வரும் துக்கம். ஒரு வருஷம் ஆனபோது ஒரு சாயங்காலம் நன்றாகவே இருந்தேன், நன்றாக இருக்கிறேனே என்ற நினைப்பே திடீரென்று ஆத்திரமாக மாறியது. இப்படித்தான் மற்றவர்கள் எல்லாம் தினமும் இருந்தார்களா? இவ்வளவு சுலபமாகவா? 23 முதல் 34 வரை யார் வாழ்ந்தது? மூச்சு முட்டுகிறது என்று போனவள் பார்த்தது என்னையா, நோயையா? அன்றுதான், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, நன்றாக அழுதேன். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மருத்துவரிடம் ஓடினால், இது துக்கம், நோயில்லை, துக்கப்படும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது என்றார். உங்களுக்கும் அந்த நாள் வந்தால் மாத்திரையின் மேல் சந்தேகப்படாதீர்கள், சிகிச்சையாளரிடம் இதை வைத்தே இரண்டு மூன்று முறை பேசுங்கள். கூட இருப்பவர்களுக்கும் பழகக் கொஞ்ச காலம் ஆகும். எதற்கும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லத் தொடங்கினால், திமிர் வந்துவிட்டது என்றுகூடச் சிலர் நினைப்பார்கள். நினைக்கட்டும்.

இது திரும்பி வரக்கூடியது. வரும்போது எனக்கு முதலில் தெரியாது, என் குணம் என்றே மறுபடியும் தோன்றும். அதனால் சிகிச்சையாளர் சொன்னபடி மூன்று அறிகுறிகளை ஒரு சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்: போனுக்குப் பதிலாக ‘ம்’ என்று மட்டும் மெசேஜ் அனுப்புவது, முடி வெட்டாமல் விடுவது, எது கேட்டாலும் ‘உன் இஷ்டம்’ என்பது. போன மாதம் அவள் கூப்பிட்டாள். “டேய், இந்த வாரம் நாலு தடவை ‘உன் இஷ்டம்’னு சொல்லிட்ட. எண்ணிட்டுத்தான் இருக்கேன்.” எனக்குச் சுர்ரென்று வந்தது. எண்ணச் சொன்னதே நான்தான் என்பதால் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து, மூன்று வாரம் தள்ளியிருந்த சந்திப்பை அந்த வாரத்துக்கே மாற்றச் சொல்லி மருத்துவமனைக்குப் போன் செய்தேன். செய்யும் முன் தாளில் 2 என்று எழுதினேன், வைத்தபின் 4.